சிறு கால்களும் திருமூர்த்தி மலையும்

உச்சியை அடைவதே மலையேற்றத்தின் பயன் என்று பலர் எண்ணுகின்றனர். திரும்ப வேண்டிய இடத்தை அறிவதும் அக்கலையின் ஒரு கூறே ஆகும். 1953ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பூர்டில்லன், எவான்ஸ் என்னும் இருவர் எவரெஸ்டின் தென்முகட்டை எட்டினர். உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் உயரமே எஞ்சியிருந்தது. பிராணவாயுக் கருவியின் கோளாற்றையும், களைப்பையும், கடந்துபோன நேரத்தையும் எண்ணி அவர்கள் திரும்பினர். மூன்று நாள் கழித்து டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியில் நின்றனர். முன்னவர் வழியில் விட்டுவந்த பிராணவாயுக் குப்பிகள் பின்னவர்க்குப் பயன்பட்டன.

அத்தகைய முடிவு ஒன்றை எங்கள் ஊர் மலையிலே நானும் எடுக்க நேர்ந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் திருமூர்த்தி மலை இருக்கிறது. அடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோயில். மேலே பஞ்சலிங்க அருவி. என் தாயாரும் மனைவியும் இரண்டு வயது மகளும் நானும் ஒரு நாள் அங்கே சென்றோம்.

குழந்தையோடு நடப்பவர்க்குத் தூரத்தை அளக்கும் கோலே வேறாகிவிடும். எறும்புச் சாரி கண்டால் ஒரு நிறுத்தம். கூழாங்கல் கிடைத்தால் மற்றொன்று. கால் ஓய்ந்தபின் உப்புமூட்டை தூக்கினேன். சுமப்பவனுக்கு வியர்க்கும், அசையாது முதுகில் இருக்கும் குழந்தைக்கோ ஈரக்காற்றில் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். எடையோடு ஒப்பிட, குழந்தையின் தோற்பரப்பு நம்முடையதைவிட மிகுதி என்பதே காரணம். ஆகவே நமக்குக் குளிரவில்லையே என்று இருந்துவிடலாகாது. அதன் கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பாதி வழியில் குருமலைப் பக்கம் வானம் கறுத்தது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை பொழிந்து, அருவியில் திடீரென வெள்ளம் பெருகுவது இங்கே வழக்கம். நீர்வரத்து மிகும் நாள்களில் குளிக்கத் தடை விதிப்பதும் அதனாலேயே.

"திரும்பிவிடலாம் அம்மா" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, கண்ணு. ஐந்து இலிங்கத்தையும் பார்க்காமலா?" என்றார் தாயார். முழங்கால் வலியோடு ஏறி வந்தவர் அவர். மீண்டும் எப்போது வருவாரோ என்ற எண்ணம் என்னை வருத்தியது. தாயார் பேத்தியை ஒருமுறை பார்த்தார். "மும்மூர்த்திகளையும் அனசூயை குழந்தைகளாக்கிய இடம் இது. குழந்தைக்காகத் திரும்பினால் சாமி கோபிக்காது" என்று கூறித் தாமே முதலில் இறங்கத் தொடங்கினார்.

அன்று வெள்ளம் வரவில்லை. மேகம் கலைந்து போயிற்று. அப்படியானால் திரும்பியது வீண் தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முடிவின் தகுதியைப் பின்னர் நேர்ந்ததைக் கொண்டு அளத்தல் முறையாகாது. முடிவெடுத்த வேளையில் நமக்குத் தெரிந்திருந்தவை எவை என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். கருமேகத்தைக் கண்டும் ஏறி, நலமாக இறங்கியவர் அறிவாளி ஆகிவிட மாட்டார். அவர் தப்பியவர், அவ்வளவே.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் மலைக்குச் செல்லுங்கள். தம்பி தங்கையரையும் அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் மிகச் சிறியவர் எவரோ, அவருடைய நடையே அனைவரின் நடையாகட்டும்.