தந்தி மீட்டும் விரல்களுக்கு வயதானால்



வாரந்தோறும் கிராஞ்சி நிலையத்தில் ரயில் ஏறி, நியூட்டனில் வண்டி மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கும் ஓர் அம்மையாரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வயது 65. சிறு வயது முதல் வீணை வாசிப்பவர். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் நான்கைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு மாதமாக அவருக்கு ஒரு தொல்லை. காலையில் எழுந்தால் இடக்கை நடுவிரல் மடங்கியபடியே நிற்கிறது. மற்றக் கையால் பிடித்து நீட்டினால் 'டக்'கென்று நிமிர்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. "வயசாச்சு, இனி இப்படித்தான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். வகுப்பை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறார்.

இந்த அம்மையார் நான் கற்பித்துக்கொண்டவர்தான். ஆனால் இவரைப் போன்ற ஒருவரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். சிலருக்கு அது தம் கதையாகவே இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: விரல் வலி, வாசிப்பை நிறுத்து என்று வயது இடும் கட்டளை அன்று, வாசிக்கும் முறையை மாற்று என்று கை அனுப்பும் செய்தி. அச்செய்தியைக் காலத்தில் படித்துக்கொண்டால் பெரும்பாலோர் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் கையின் அமைப்பைப் பார்ப்போம். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோல் நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி எலும்பு வரை செல்கின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி உண்டு. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. விரலுக்குள் வந்தபின், தூண்டில் கோலில் நூலைப் பிடித்துச் செல்லும் வளையங்களைப்போல், தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்கள் இருக்கின்றன. வயது ஏற ஏறத் தசைநாணின் நெகிழ்ச்சி குறைகிறது. மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்கிறது. களைத்த தசை பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கிறது. 25 வயதில் ஓர் இரவில் ஆறிய களைப்பு, 65 வயதில் இரண்டு நாள் கேட்கும்.

இந்தக் கையின்மேல் வீணை எவ்வளவு சுமையை ஏற்றுகிறது? வீணையில் 24 மெட்டுகள். வாசிக்கும் தந்திகள் நான்கு, தாளத் தந்திகள் மூன்று. ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகங்களை எழுப்புகிறோம். ஷட்ஜ மெட்டில் விரலை வைத்து அந்தர காந்தாரம் ஒலிக்கும் வரை இழுத்தால், தந்தியின் இறுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அத்தனை இறுக்கத்தையும் எதிர்த்து நிற்பவை ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஒரு மணி நேரப் பயிற்சியில் இது எத்தனை நூறு முறை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, நம் அம்மையாரின் விரல் மடங்கி நிற்பதில் வியப்பில்லை. தசைநாண் தடித்து, வளையத்தில் சிக்கிக்கொள்கிறது. துப்பாக்கி விசையைப்போல் பட்டென்று விடுபடுவதால் இதை விசை விரல் என்கிறார்கள். பொதுவாக 100 பேரில் 2, 3 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய இக்கோளாறு, நீரிழிவு உள்ளவர்களில் 100க்கு 10 பேர் வரை காணப்படுகிறது. சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதை நாம் அறிவோம். எனவே விரல் சிக்கினால், இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வேறு தொல்லைகளும் உண்டு. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்க் கையை உதறிக்கொண்டு விழித்தால், மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். டப்பா மூடியைத் திருகும்போது கட்டைவிரலின் அடியில் வலித்தால், அங்குள்ள மூட்டுத் தேய்ந்திருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது மிகுதி. இன்னொன்று அரிதானது, ஆனால் கொடியது. வலியே இராது. மற்ற வேலைகளில் விரல் சொன்னபடி கேட்கும். வாத்தியத்தைத் தொட்டதும் தானாகச் சுருண்டுகொள்ளும். இது விரலின் கோளாறு அன்று. விரலை இயக்கும் மூளைப் பகுதியின் குழப்பம். இதை மேலும் மேலும் சாதகம் செய்து வெல்ல முயன்றால் நிலைமை மோசமாகும். தோக்கியோ நால்வர் தந்திக் குழுவின் முதல் வயலின் கலைஞரான பீட்டர் ஊஞ்சியன், இதனால்தான் 1995இல் அக்குழுவை விட்டு விலகினார். ஆனால் இசையை விடவில்லை. வாத்தியக் குழு நடத்துநராகி, 2004 முதல் 2018 வரை டொரோண்டோ சிம்பொனியை வழிநடத்தினார்.

நமக்கு மட்டும்தான் இப்படியோ என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 1986இல் அமெரிக்காவின் 48 வாத்தியக் குழுக்களில் ஓர் ஆய்வு நடந்தது. பதில் அளித்த 2,212 பேரில் 76 விழுக்காட்டினர், வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான உடல் தொல்லை ஒன்றேனும் தமக்கு இருப்பதாகச் சொன்னார்கள். உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹுதி மெனுஹின் உடல் இறுக்கத்தாலும் களைப்பாலும் துன்பப்பட்டவர். 1952இல் அவர் இந்தியா வந்தபோது, பம்பாயில் யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்தார். அப்போது மெனுஹினுக்கு வயது 35. உடலைத் தளர்த்தவும், தோளையும் முதுகையும் சரியாக வைத்துக்கொள்ளவும் ஐயங்காரிடம் கற்றார். பிறகு அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்து, தம் மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் அவரே என்ற பொருள்பட அதில் பொறித்துக் கொடுத்தார். ஐயங்கார் வயலின் வாசிப்பவர் அல்லர். விரலின் தொல்லை பல சமயம் விரலில் தொடங்குவதில்லை என்பதே இதிலுள்ள பாடம். தோள் இறுகினால் முழங்கை இறுகும். முழங்கை இறுகினால் விரல் இரட்டிப்பு வேலை செய்யும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, வாத்தியத்தைக் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். மூன்று கட்டைச் சுருதியில் வாசிப்பவர் இரண்டு கட்டைக்கு இறக்கினால், தந்தியின் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தந்தியின் கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் ஏறத்தாழ அதே பலன்தான். தந்திக்கும் மெட்டுக்கும் இடைவெளி கூடிப்போயிருந்தால், ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் கூடுதலாக அழுத்த வேண்டும். மெட்டுகளைத் தாங்கும் மெழுகு வெப்பத்தில் இளகக் கூடியது. ஆகவே பல ஆண்டுகளாக மேளம் கட்டாத வீணையைத் தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, நேரத்தைப் பிரியுங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் சாதகம் செய்வதைவிட, 20, 25 நிமிடம் வாசித்து, 5 நிமிடம் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுப்பது மேல். விரைவுகாலத்தில் தொடங்க வேண்டாம். இழுப்பு இல்லாத எளிய வரிசைகளில் விரலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் வெளியே வெயில், அரங்குக்குள் குளிரூட்டி. குளிர்ந்த விரலோடு மேடை ஏறாமல், வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் கையை வைத்திருங்கள்.

மூன்றாவது, ஓசைக்காகப் பலத்தைச் செலவழிக்காதீர்கள். வீணை தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் மென்மையாக வாசித்ததைக் கேட்க, பெரிய வித்துவான்களே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். இன்று நமக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. ஓசையை அதனிடம் விட்டுவிட்டு, நாதத்தை விரல் பார்த்துக்கொள்ளட்டும்.

நான்காவது, சுமை. நான்கடிக்கும் அதிக நீளமுள்ள வீணையைப் பெட்டியோடு ரயிலில் தூக்கிச் செல்வதே மணிக்கட்டுக்குத் தண்டனை. வகுப்பு நடக்கும் இடத்தில் ஒரு வீணை இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். மாணவர்களைத் தூக்கச் சொல்வதும் குருவுக்குக் குறைவன்று.

செய்யக் கூடாதவையும் உண்டு. சிக்கிய விரலைப் பலமாக இழுத்து நெட்டி முறிக்காதீர்கள். எண்ணெய் தடவி அழுத்தி உருவாதீர்கள். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு வாசிக்காதீர்கள். செய்தி கொண்டுவந்தவனின் வாயைக் கட்டுவது அது.

இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். மரத்துப்போதல், பிடிப்பு தளர்தல், பல மூட்டுகள் ஒருசேர வீங்கிக் காலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் விறைத்திருத்தல் ஆகியவை தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கிராஞ்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகம் அருகில் இருக்கிறது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால், கை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லலாம். மருத்துவரிடம் "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். வீணையைப் பார்த்திராத மருத்துவருக்கு அது பெரிய உதவி.

விசை விரலுக்குப் பெரும்பாலும் ஓய்வும், விரலைத் தாங்கும் கட்டும், ஓர் ஊசியுமே போதும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதிலும் தீராவிட்டால், வளையத்தைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. அன்றே வீடு திரும்பலாம்.

பண்டிட் ரவிசங்கர் தமது கடைசிக் கச்சேரியை 2012 நவம்பர் 4ஆம் நாள், கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், மகள் அனுஷ்காவோடு சேர்ந்து வாசித்தார். அப்போது அவருக்கு வயது 92. எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆயினும் 65 வயது முடிவுக்குரிய வயதன்று.

சிங்கப்பூரில் 1949இல் தொடங்கிய இந்திய நுண்கலைக் கழகம் முதற்கொண்டு, வீடுகளில் நடக்கும் சிறு வகுப்புகள் வரை, நம் இசை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகிறது. ஒரு கமகத்தை எங்கே தொடங்கி எங்கே விட வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. அது அந்த அம்மையாரின் நடுவிரலில் இருக்கிறது. அவர் சொல்லாமல் நிறுத்திவிட்டால், அந்த நான்கைந்து பிள்ளைகளுக்கு அது கிடைக்காமலே போகும்.

ஆகவே அம்மா, அடுத்த வாரம் லிட்டில் இந்தியாவுக்குப் புறப்படுமுன் ஒருநாள் மருந்தகத்துக்குப் போய் வாருங்கள். சுருதியைச் சற்று இறக்குங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். கையைக் காப்பதும் சாதகத்தில் ஒரு பகுதி என்பதை அவர்கள் இளமையிலேயே உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.