பென்ஷன் பிடித்து வைத்த கூலி

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டாளத்துக்குப் போகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா, மிராசுதாரின் மகனா? பெரும்பாலும் உழுகிறவன் வீட்டுப் பிள்ளைதான். முப்பத்தைந்து, நாற்பது வயதில் அவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அவன் மில் வாசலில் காவல் நிற்கிறான். இல்லையேல் நம்மோடு வயலில் இறங்குகிறான். ஆகவே அவனுடைய பென்ஷன் நம்முடைய பிரச்சினை.

பென்ஷன் தர்மம் அல்ல, உரிமை என்று 1982-ல் நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே கூறிவிட்டது. ஆனால் சர்க்கார் கொடுக்கும் லட்சணம் என்ன? நெடுநாள் கிளர்ச்சிக்குப் பிறகு 2015-ல் 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' உத்தரவு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவோம் என்றார்கள். 2019 ஜூலை முதல் தர வேண்டிய உயர்வுக்கு மந்திரிசபை 2022 டிசம்பரில்தான் சம்மதித்தது. பாக்கியைத் தவணையில் தருவோம் என்றார்கள். 2023 மார்ச்சில் கோர்ட் கெடு வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் வருகிறது. ஸ்பர்ஷ் என்றால் தொடுதல். ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை மிஷினில் வைத்தால், ரேஷன் கடையில் நமக்கு நேர்கிற கதிதான்! ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்ச்சான்று போய்ச் சேராவிட்டால், உயிரோடு இருப்பவனுக்கும் பென்ஷன் நின்றுவிடும். புருஷன் செத்த பிறகு, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்றால், அந்த விதவையின் காகிதம் நகராது. எழுத்துப் பிழை குமாஸ்தாவுடையது, பட்டினி அவளுடையது.

மிஷின் வருவதை நாம் எதிர்க்கவில்லை. அதன் குறைக்கு ஏழை ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்றே கேட்கிறோம். நம் கோரிக்கைகள்:

1. வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமல் எவருடைய பென்ஷனையும் நிறுத்தக் கூடாது.

2. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக ஊழியர் மாதம் ஒருநாள் ஒவ்வொரு தாலுகாவுக்கும் வந்து மனு வாங்க வேண்டும்.

3. மனுவை நிராகரித்தால், கெடுவுக்குள் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

4. 2022-ல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தைக் கைவிட வேண்டும். நான்கு வருஷம் வேலை வாங்கி, நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குக் குறையாமல் பென்ஷனின்றி அனுப்புவது, மில்லில் நாம் எதிர்க்கும் காண்ட்ராக்ட் முறையேதான்.

தோழர்களே! ஒவ்வொரு கிளையும் தன் ஊரிலுள்ள மாஜி சிப்பாய்கள், விதவைகள் பட்டியலைத் தயாரிக்கட்டும். யாருக்கு எது நின்றிருக்கிறது என்று எழுதுங்கள். தனியாகப் போகிறவளை நாளை வா என்பார்கள். ஊரே திரண்டு மகஜரோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்!