முகாமுக்கு வராதவர்கள்

(விழா உரையின் எழுத்து வடிவம்)

 

புதுக்கோட்டைக்கு வரும் சமணக் குடும்பத்தினர் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைக் கண்டு, வணங்கித் திரும்புவது வழக்கம். மலையின் மறுபுறம் பாறையில் வெட்டிய படிகளைக் கடந்து ஏழடிப்பட்டம் வரை செல்வோர் குறைவு. துறவியர் நோன்பிருந்த 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. அவற்றுள் பெரியதை ஒட்டி இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செய்தார் என்று அறிஞர்கள் அதற்குப் பொருள் கொள்வர். எருமை நாடு என்பது மைசூர்ப் பகுதி. அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு உள்ளூரார் செய்த தொண்டின் பதிவு அது. அவரை ஊருக்குள் வரவழைத்து, மாலையிட்டு அனுப்பிவிடவில்லை. அவர் இருந்த மலைக்கே உளியை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

தொண்டு செய்பவர் நடக்க வேண்டிய தூரத்தைப் பற்றியதே இந்த உரை.

இன்று ஊர்தோறும் பொதுத்தொண்டின் முகமாக விளங்குபவை அரிமா சங்கம், ரோட்டரி சங்கம் போன்ற அமைப்புகள். ரோட்டரி 1905ஆம் ஆண்டிலும், அரிமா 1917ஆம் ஆண்டிலும் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தாரால் தொடங்கப்பட்டவை. 1925ஆம் ஆண்டு நடந்த அரிமா மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் உரையாற்றி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும் வீரர்களாக அரிமாக்கள் விளங்க வேண்டும் என்று வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அச்சங்கத்தின் தனி அடையாளமாயிற்று. நோட்டுப் புத்தகம் வழங்குதல், மரக்கன்று நடுதல், குருதிக்கொடை என்று எத்தனையோ பணிகளைச் சங்கங்கள் செய்கின்றன. எனினும் தமிழகத்துச் சிற்றூர்களில் சங்கத்தின் பெயரை நிலைநிறுத்தியது கண் சிகிச்சை முகாம்தான்.

அம்முகாம் நடைபெறும் முறையை அறியாதார் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பே துண்டறிக்கை அச்சாகும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பார்கள். பள்ளிக்கூடத்தையோ திருமண மண்டபத்தையோ சங்கத்தார் ஏற்பாடு செய்வர். பந்தல், குடிநீர், உணவு, விளம்பரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர்களும் செவிலியரும் கருவிகளும் கண் மருத்துவமனையிலிருந்து வரும். பார்வை, கண்ணழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை எனச் சோதனைகள் வரிசையாக நடக்கும். கண்புரை முற்றியவர்களை அன்றே பேருந்தில் ஏற்றிச் சென்று, அறுவை சிகிச்சை முடித்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்த முறையைச் செம்மைப்படுத்தியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெரும்பங்கு உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டு, தம் 58ஆம் வயதில், 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும், அக்கைகளைப் பழக்கி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர் அவர். சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை என்பதை அவருடைய குழுவினர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர். மதுரைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், அங்கே தங்கும்போது உணவு, துணைக்கு வருபவரின் இழந்த கூலி ஆகியவற்றுக்கு வழி இல்லாதபோது இலவசம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. அதனால்தான் பேருந்தும் உணவும் சிகிச்சையின் பகுதியாயின.

இவ்வளவு செய்தும் எத்தனை பேர் வந்தார்கள்? தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இக்கேள்விக்கு விடை தந்தது. கண்ணில் குறையுடையவர்களுள் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. அறுவை பற்றிய அச்சம், செலவு, அழைத்துச் செல்ல ஆளின்மை ஆகியவை பிறரைத் தடுத்தன. முகாம் நாளில் பள்ளி வாசலில் நீண்டு நிற்கும் வரிசையைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். வரிசை நிழற்படத்தில் விழும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவர் விழுவதில்லை. இத்தனை பேருக்குச் சோதனை, இத்தனை பேருக்குக் கண்ணாடி என்று ஆண்டறிக்கையில் எழுதும் சங்கங்கள், வராதவர் எத்தனை பேர் என்று எழுதுவதில்லை. குற்றமாகச் சொல்வதற்கில்லை; எவரும் கேட்காத கணக்கு அது.

தூரம் என்பது வெறும் கிலோமீட்டர் கணக்கு அன்று என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் வேறொரு பணியில் முன்பே கண்டிருந்தது. 1991-92ஆம் ஆண்டுகளில் இங்கே நடந்த அறிவொளி இயக்கத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊதியமின்றி ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மாலை வேளைகளில் தெருவிளக்கின் அடியிலும் திண்ணையிலும் எழுத்தறிவித்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகத் தந்தையையோ அண்ணனையோ எதிர்பார்க்க வேண்டிய நிலையில் பெண் தொண்டர் எப்படிப் பணிசெய்வது? எனவே எழுத்தோடு மிதிவண்டியும் பாடமாயிற்று. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண் தொண்டர்கள் மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கு வழிசெய்தார். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் மிதிவண்டி ஓட்டிக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டி கடைகளில் தீர்ந்துபோனதால் ஆண்களின் வண்டியையே வாங்கியவர்கள் உண்டு. குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டாம். கேலி பேசிய ஆண்கள் இல்லாமல் இல்லை, வண்டி நிற்கவில்லை.

இயக்கம் ஓய்ந்தபின், கற்ற எழுத்தைப் பலர் பயிற்சியின்றி மறந்திருக்கலாம். மிதிவண்டியை மறந்தவர் எவரும் இரார். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் அது உதவியது. தொண்டர் போனபின் எது தங்கும் என்று முன்கூட்டியே சொல்வது எளிதன்று.

கண் மருத்துவத்துக்கு வருவோம். ஆய்வு காட்டிய உண்மையை அரவிந்த் மருத்துவமனை மறைக்கவில்லை. முகாம்களைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே, 2004ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களை ஒட்டி நிலையான பார்வை மையங்களைத் திறந்தது. சிறு கட்டடம், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் இருவர் மூவர், ஒரு கண் சோதனைக் கருவி, கணினி ஆகியவையே ஒரு மையம். மருத்துவர் நகரத்தில் இருந்தபடி திரையில் நோயாளியுடன் பேசுவார். கண்ணாடி தேவைப்படுபவர் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். முகாம் ஆண்டுக்கு ஒரு நாள்; மையமோ அன்றாடம் திறந்திருப்பது. இன்று இத்தகைய மையங்கள் நூறைக் கடந்துவிட்டன.

இனிக் கடல் கடந்த தொண்டு. இளைஞர்கள் பலர் வெளிநாடு சென்று சில வாரங்கள் தொண்டாற்ற விரும்புகிறார்கள். சங்கங்களும் அதற்கு வாய்ப்பளிக்கின்றன. விருப்பம் நல்லது. ஆயினும் அறுவை செய்த மருத்துவர் விமானம் ஏறியபின், மூன்றாம் நாள் கண் சிவந்து வலித்தால் அந்த மூதாட்டி யாரிடம் செல்வாள்? இக்கேள்விக்கு விடையில்லாத தொண்டு, எத்தனை கடல் கடந்தாலும், பாதித் தொண்டுதான்.

விடை கண்ட முயற்சி ஒன்று மதுரையிலேயே உண்டு. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சேவா அமைப்பின் தொண்டர்கள் அரவிந்த் மருத்துவமனைக்கு வந்து உதவினர். அவர்கள் செய்தவற்றுள் பெரியது அறுவை அன்று, லென்சுக்கு வழிகாட்டியது. அக்காலத்தில் ஏழைகளுக்குக் கண்புரையை மட்டும் நீக்கித் தடித்த கண்ணாடி ஒன்றைத் தருவார்கள். அது உடைந்தால் மீண்டும் இருட்டு. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதிப் பொருள். ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. டேவிட் கிரீன் என்பவரின் துணையோடு தொழில்நுட்பத்தைப் பெற்று, 1992ஆம் ஆண்டு மதுரையில் அரோலேப் நிறுவனம் அந்த லென்ஸைச் செய்யத் தொடங்கியது. விலை சுமார் 10 டாலராக இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் செல்கிறது. வந்த தொண்டர் திரும்பிவிட்டார். தொழிற்கூடம் இங்கே இருக்கிறது.

அதே 1992ஆம் ஆண்டு பன்னாட்டு அரிமா சங்கத்தின் கண்ணொளித் திட்ட உதவியுடன் மதுரையில் லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவக் கழகம் உருவானது. நேபாளம், வங்கதேசம், ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றின் கண் மருத்துவமனைக் குழுக்கள் அங்கே வந்து சில நாள்கள் தங்குகின்றன. மருத்துவர் மட்டுமல்லர், செவிலியரும் கணக்கரும் மேலாளரும் சேர்ந்து வருவர். நோயாளியை அழைத்து வருவது முதல் கணக்கு எழுதுவது வரை பார்த்து, தங்கள் மருத்துவமனைக்கான திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொண்டு திரும்புவர். பின்னர் மதுரைக் குழு அங்கே சென்று பார்க்கும். இந்தத் தொண்டில் விழா மேடை இல்லை. ஆனால் அந்நாட்டு மூதாட்டிக்கு மூன்றாம் நாளும் மருத்துவர் இருக்கிறார்.

தானம் நான்கு என்று அறிந்த குடும்பங்கள் இங்கே அமர்ந்திருக்கின்றன. ஔடத தானத்துக்கு ஆண்டுதோறும் பொருள் தருபவர்களும் உள்ளனர். அடுத்த முகாமுக்குப் பந்தல் செலவை ஏற்க ஆள் கிடைப்பது எளிது. வேறொரு வேலைக்குத்தான் ஆள் வேண்டும். முகாமுக்கு முந்திய வாரத்தில் இரண்டு இளைஞர் ஒரு நோட்டுடன் வீடு வீடாகச் சென்று, ஐம்பது வயது கடந்தவர்களின் பெயரை எழுதட்டும். முகாம் முடிந்த மறுநாள் அந்தப் பெயர்களுடன் பதிவேட்டை ஒப்பிட்டால் வராதவர் யார் என்று தெரிந்துவிடும். அவ்வீடுகளுக்கு மீண்டும் போக வேண்டும். அச்சம் என்றால், முன்பே அறுவை செய்துகொண்ட பக்கத்து வீட்டாரை உடன் அழைத்துச் செல்லலாம். துணைக்கு ஆளில்லை என்றால் ஒருவர் உடன் போகலாம். கூலி போய்விடும் என்றால் அறநிலையம் அன்றைய கூலியைத் தரலாம். பெண்களின் பெயரைத் தனியே பார்க்க வேண்டும். வீட்டில் முதலில் ஆண்களின் கண்ணுக்கே மருத்துவம் நடப்பது வழக்கம். ஒரு நோட்டு, இரண்டு மிதிவண்டி, ஓய்வுள்ள நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். எந்த ஊரில் தொடங்குவது என்பதை விழா முடிந்தபின், உணவுப் பந்தியில் அமர்ந்திருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.