ஒரு பவுணுக்கு விலைபோன களஞ்சியம்

இலண்டன் மாநகரின் மேற்கெல்லையில் ஹாமண்ட்ஸ்வேர்த் என்னும் ஒரு சிற்றூர் உண்டு. ஆங்கில நூல்களைப் பயின்றோர் பலர் அப்பெயரைக் கண்ணுற்றிருப்பர். 1937 ஆம் ஆண்டிற் பென்குயின் பதிப்பகத்தார் தம் நிலையத்தை அவ்வூரில் அமைத்துக்கொண்டனர். அதன் பின்னர் அன்னார் வெளியிட்ட மலிவுப் பதிப்புக்களின் முதற் பக்கங்களிற் பல்லாண்டுகளாக அவ்வூர்ப் பெயரே முகவரியாக நின்றது. ஆயினும், அப்பதிப்பகம் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூருக்குப் பெருமை தேடித் தந்த கட்டடம் ஒன்று அங்கே நின்றது, இன்றும் நிற்கின்றது. அஃது அரண்மனையுமன்று, கோட்டையுமன்று; உழவர் தம் விளைவைச் சேர்த்து வைத்த ஒரு களஞ்சியம். அது வீழ்ந்துபோகும் நிலையை எவ்வாறு அடைந்தது, ஊர் மக்களின் விடாமுயற்சியால் எவ்வாறு மீண்டது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

களஞ்சியம் என்றதும் இலங்கை உழவரின் மனக்கண்முன் தோன்றுவது நெல்மணியைச் சேமிக்கும் கொம்பறையே. இங்கு வெயில் தவறாது எறிக்கும். ஆகவே அறுவடை முடிந்ததும் வெளியிலேயே சூடு வைத்து, களத்திலே சூடு மிதித்து, தூற்றிய நெல்லை மட்டும் உள்ளே சேர்ப்பர். இங்கிலாந்தின் நிலை வேறு. அறுவடைக்குப் பின் அங்கு மழையும் குளிரும் விரைந்து வந்துவிடும். கோதுமையையும் வாற்கோதுமையையும் கதிர்க்கட்டுக்களாகவே கூரையின் கீழ்க் கொண்டுவந்து அடுக்கி, பனிக்காலம் முழுவதும் சிறிது சிறிதாகத் தடிகொண்டு அடித்து மணி பிரிப்பர். எனவே அங்கே களஞ்சியம் என்பது சேமிப்பறையும் சூட்டுக்களமும் ஒருங்கே அமைந்த கட்டடம். பாரம் ஏற்றிய வண்டி உள்ளே நுழையத்தக்க வாயிலும், வைக்கோலோடு கூடிய முழு விளைவும் கொள்ளத்தக்க இடமும் அதற்கு வேண்டும். அக்கட்டடங்கள் பேருருக் கொண்டு விளங்குவதன் காரணம் இதுவே.

ஹாமண்ட்ஸ்வேர்த்துக் களஞ்சியமோ பெரியவற்றுள்ளும் பெரியது. அதன் நீளம் 192 அடி. அகலம் ஏறக்குறைய 40 அடி. உயரமும் அதற்குச் சற்றே குறைந்தது. பதின்மூன்று மரச் சட்டகங்கள் வரிசையாக நின்று கூரையைத் தாங்க, உட்புறம் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கின்றது. நடுவே உயர்ந்த கூடமும், இரு மருங்கிலும் தாழ்ந்த சிறகுகளும் அமைந்திருத்தலால், உள்ளே நுழைவோருக்குக் கிறித்தவப் பேராலயம் ஒன்றினுள் நிற்பது போன்ற உணர்ச்சி உண்டாகும். ஆங்கிலக் கவிஞர் ஜோன் பெச்சமன் இதனை மிடில்செக்ஸின் பேராலயம் எனப் பாராட்டியதும் இதனாலேயே.

இதன் தூண்கள் அனைத்தும் ஓக் மரத்தால் ஆனவை. ஈரம் ஏறாதபடி ஒவ்வொரு தூணும் ஒரு கல்லின்மேல் நிறுத்தப்பட்டுள்ளது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையிற் செலுத்தி, குறுக்கே மர ஆணி அறைந்து தச்சர் இவற்றை இணைத்தனர். அக்காலத் தச்சர் பச்சை ஓக் மரத்திலேயே வேலை செய்வது வழக்கம். மரம் காயக் காய இணைப்பு இறுகும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், கட்டடத்தைத் தாங்கும் மரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு முதலில் நிறுத்திய மரங்களே என்பது அத்தச்சரின் திறமைக்குப் போதிய சான்றாகும்.

இக்களஞ்சியத்தை எழுப்பியோர் வின்செஸ்டர் கல்லூரியார். நோர்மண்டி வேந்தன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், 1069 ஆம் ஆண்டில் ஹாமண்ட்ஸ்வேர்த் நிலத்தைப் பிரான்சு நாட்டு ரூவன் நகரத் துறவிமடம் ஒன்றுக்குக் கொடையாக வழங்கினான். பின்னர், 1391 இல், வின்செஸ்டர் ஆயர் விக்கம் வில்லியம் அந்நிலத்தை விலைக்கு வாங்கித் தாம் நிறுவிய கல்லூரிக்கு உரிமையாக்கினார். வறிய மாணாக்கரின் உணவுக்கும் கல்விக்கும் வேண்டிய வருவாயை அந்த வயல்கள் ஈட்டித்தந்தன. 1420 களின் நடுப்பகுதியில் மரங்கள் வெட்டப்பட்டு, 1427 அளவிற் களஞ்சியம் முற்றுப்பெற்றது. கல்லூரியின் பழைய கணக்கேடுகளும், மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலங்கணிக்கும் ஆராய்ச்சியும் இதனை உறுதிப்படுத்துகின்றன. விளைவிற் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தும் வரித் தானியத்தைச் சேர்த்த இடம் என்று ஊரார் இதனை வழங்கி வந்தனர். அது பொருந்தாது. இங்கு சேர்ந்தது வரித் தானியமன்று. பண்ணையின் சொந்த விளைவே.

கல்லூரியாருக்குப் பின் உரிமை கைமாறியபோதும் களஞ்சியத்தின் தொழில் மாறவில்லை. 1970 கள் வரை அது பண்ணைத் தேவைக்கே பயன்பட்டது. பயன்பட்ட காலமெல்லாம் அதற்கு ஆபத்து இல்லை. ஓர் ஓடு நழுவினால் அதன் கீழ் அடுக்கிய தானியம் நனையும். ஆகவே அன்றே ஏணி வைத்து ஏறி அதனைச் செப்பஞ் செய்வர். தொழில் ஓய்ந்தபின் நழுவிய ஓட்டைக் கவனிப்பார் இல்லை. மழைநீர் கைமரத்தில் ஊறும். கைமரம் உளுத்தால் உத்திரம் தாழும். பழைய கட்டடங்கள் புயலால் அழிவதிலும், இவ்வாறு ஓர் ஓட்டால் அழிவதே மிகுதி.

1950 ஆம் ஆண்டிலேயே அரசினர் இதனை முதல்தரப் பாதுகாப்புக்குரிய கட்டடமாகப் பதிவு செய்திருந்தனர். ஆயின் அத்தகைய சட்டம் இடிக்காதே என்று தடுக்க வல்லதேயன்றி, தானே ஓடு மாற்ற வல்லதன்று. உரிமையாளரான நிறுவனம் ஒன்று முறிவுற்றபோது, 2006 இல், களஞ்சியம் விற்பனைக்கு வந்தது. அதற்குக் கேட்ட விலை ஒரே ஒரு பவுண். உள்ளூராட்சி மன்றமும், இங்கிலாந்தின் மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவனமாகிய இங்கிலிஷ் ஹெரிட்டேஜும் அதனை ஏற்கவில்லை. வாங்குதற்கு வேண்டியது ஒரு பவுண். காப்பதற்கு வேண்டியதோ பல இலட்சம் பவுண். இறுதியில் ஜிப்ரால்டரிற் பதிவுபெற்ற ஒரு கம்பனி அதனை அந்த ஒரு பவுணுக்கே வாங்கியது.

தொலைதூரக் கம்பனிக்கு ஒரு பழங்களஞ்சியம் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்கு விடை அருகிலுள்ள ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்தது என்பதே பலரும் கொண்ட கருத்து. மூன்றாவது ஓடுபாதை அமைப்பதாயின் அயலிலுள்ள நிலங்களுக்கு இழப்பீடு கிடைக்கக்கூடும் அன்றோ? கம்பனியின் எண்ணம் எதுவாயினும், அதன் கையிற் களஞ்சியம் பூட்டிக் கிடந்து மேலும் பழுதுற்றது என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்து ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். ஹீத்ரோ என்பதும் ஒரு காலத்தில் ஹாமண்ட்ஸ்வேர்த்துப் பங்கைச் சேர்ந்த ஒரு குக்கிராமத்தின் பெயரே. 1944 ஆம் ஆண்டிற் போர்க்காலத் தேவையின் பெயரால் அந்நிலம் எடுக்கப்பட்டது. வீடுகளும் தோட்டங்களும் மறைந்தன. 1946 இல் அங்கே பொதுமக்களுக்கான விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒரு கிராமம் முழுவதும் மறைந்து அதன் பெயர் மட்டும் எஞ்சியதை அயலூரார் கண்டவர்கள். ஆகவே, களஞ்சியம் உளுத்துச் சரிவதை அவர்கள் வெறும் கட்டடக் கேடாகக் கருதவில்லை; தம் ஊருக்கும் அக்கதி நேர்வதன் தொடக்கமாகவே கருதினர்.

களஞ்சியத்தின்மீது அவ்வூர் மக்களுக்குச் சட்டப்படி எவ்வித உரிமையும் இல்லை. உறுதி அவர்கள் கையிலில்லை, திறவுகோலும் இல்லை. இருந்தபோதும், பழுதுகளைச் சுட்டிக்காட்டி அதிகாரிகளிடம் இடையறாது முறையிட்டனர். மரபுரிமைக் கட்டடங்களைக் காக்கும் சங்கங்களும் அவர்களுக்குத் துணைநின்றன. 2009 இல் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் நிறுவனம் சட்டம் தந்த அதிகாரத்தைக் கையாண்டது. உரிமையாளர் செய்யத் தவறிய அவசரத் திருத்தங்களைத் தானே செய்து, மழை உட்புகாதவாறு கூரையைக் காத்தது. அச்செலவைப் பற்றிய பிணக்கின் முடிவாக, 2011 இல் களஞ்சியத்தையே 20,000 பவுண் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு பவுணுக்கு வேண்டாமென்று விட்ட பொருளை இருபதினாயிரம் பவுணுக்கு வாங்கியதை எண்ணி நகைப்போர் நகைக்கலாம். ஆயினும் அவ்விடைக்காலத்திற் களஞ்சியத்தின் மரத்தில் ஓர் அங்குலமும் கூடவில்லை. கூடியது, இதனைக் கைவிட்டால் ஊரார் பொறுக்கமாட்டார் என்ற அறிவு ஒன்றே. அதன் மதிப்பைத்தான் அந்நிறுவனத்தார் செலுத்தினர் எனலாம்.

2014 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் முழுத் திருத்தவேலை நடைபெற்றது. அதற்குச் சென்ற செலவு ஏறக்குறைய 5 இலட்சத்து 70 ஆயிரம் பவுண். பழமை பேணும் தச்சுவேலை புதுவீடு கட்டும் வேலையிலும் கடினமானது. உளுத்த மரத்தை முழுதாகப் பெயர்த்தெறிந்து புதியது நிறுத்துவது எளிது. ஆனால் அவ்வாறு செய்து கொண்டே போனால், இறுதியில் எஞ்சுவது பழைய களஞ்சியமன்று, அதன் போலியே. எனவே கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அவ்வளவினதாகிய புதிய ஓக் துண்டைப் பொருத்துவதே முறை. பழைய தச்சன் வெட்டிய குறிகளைக் காண்போர் இன்றைய தச்சன் செய்த ஒட்டையும் அருகே காண்பர். இரண்டும் மறைக்கப்படுவதில்லை.

கூரை செப்பமுற்றதும் கடமை முடிந்ததென்று ஊரார் கலைந்து போகவில்லை. களஞ்சியத்தின் நண்பர்கள் என்ற பெயரில் ஒன்றுகூடி, அதனைத் திறந்து காட்டும் பொறுப்பைத் தாமே ஏற்றனர். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிற் களஞ்சியத்தின் கதவுகள் திறக்கப்படும். கட்டணம் இல்லை. ஊதியம் பெறாத தொண்டர்களே வருவோரை வரவேற்று, தூணையும் உத்திரத்தையும் காட்டி விளக்குகின்றனர். இதன் பயன் சிறிதென்று எண்ணுதல் கூடாது. திறந்த கதவின் வழியே ஆள் நடமாடும்போது, நழுவிய ஓடு எவர் கண்ணிலேனும் பட்டுவிடும். உழவுத்தொழில் நீங்கியபோது களஞ்சியம் இழந்த காவலை இந்த ஞாயிற்றுக்கிழமைகள் மீட்டுக் கொடுத்தன.

இனி ஊரின் நிலை யாது? மூன்றாவது ஓடுபாதைத் திட்டத்துக்கு 2009 இல் அரசினர் இசைந்தனர். 2010 இற் புதிய அரசு அதனைக் கைவிட்டது. 2018 இற் பாராளுமன்றம் மீண்டும் ஆதரவளித்தது. 2020 இல் ஒரு நீதிமன்றம் அதனைத் தடுக்க, அதே ஆண்டில் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2025 இல் அரசினர் மறுபடியும் அதற்கு ஆதரவு தெரிவித்தனர். அண்மைக் காலத்து வரைபடங்களின்படி, களஞ்சியம் விமான நிலைய எல்லைக்குச் சற்று வெளியே தப்பி நிற்க, ஊரின் பெரும்பகுதி எல்லைக்குள் அகப்படும். மக்கள் பெயர்ந்து போன ஊரின் ஓரத்தில், எரிமணமும் இரைச்சலும் சூழக் களஞ்சியம் மட்டும் நிற்குமாயின், அதனைக் காத்ததாகக் கொள்ளலாமோ என்ற வினாவை அவ்வூரார் எழுப்புகின்றனர். அதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.

வரலாற்றுச் சின்னங்களைப் பேணுதல் அரசின் கடமை என்று கூறி அமைவது யாவர்க்கும் எளிது. சட்டம் இருந்தும், பதிவு இருந்தும், அறிஞர் புகழுரை இருந்தும் இக்களஞ்சியம் ஒரு பவுணுக்கு விலைபோயிற்று. உரிமையில்லாத அயலார் சிலர் அதனைத் தமதென்று கருதியபோதே அது பிழைத்தது. இலங்கையின் ஊர்களிலும் பழைய மடங்களும் சங்கடப் படலைகளும் சுமைதாங்கிகளும் எத்தனையோ கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றின் உறுதி எவர் பெயரில் உள்ளது என்று தேடுவதற்கு முன், கூரையில் ஓடு நழுவியிருக்கின்றதா என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். ஹாமண்ட்ஸ்வேர்த்து மக்கள் செய்த முதல் வேலை அதுவே.