ஆஸ்பத்திரியின் தரம் யார் பொறுப்பு? எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு

(நெமிலியில் நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)

 

டிகிரி முடித்த பிள்ளைகளின் பெற்றோர் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாய், எம்.பி.ஏ. சேர்த்துவிடலாமா?" நாம் திருப்பிக் கேட்பது, "எந்த எம்.பி.ஏ.?" என்பது. அதற்கு அநேகம் பேரிடம் பதில் இருப்பதில்லை. இரண்டு வருடமும் லட்சக்கணக்கில் பணமும் போகிற விஷயம் இது. ஆகவே இன்று ஒரே ஒரு பிரிவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். மருத்துவமனை நிர்வாகம் படித்து, அதிலும் சிகிச்சையின் தரத்தைக் கவனிக்கும் வேலைக்குத் தேர்ச்சி பெறுவது பற்றி.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இரண்டு. நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படித்த நம் பிள்ளைகள் பலர் குறைந்த சம்பளத்திலோ வீட்டிலோ இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நெமிலியில் இருந்து அவசரத்துக்கு அரக்கோணம், வாலாஜா, காஞ்சிபுரம் என்றும், பெரிய நோய் என்றால் வேலூர் என்றும் ஓடும் நம் ஏழைகளுக்கு, அங்கே நடப்பது சரியா தவறா என்று கேட்கத் தெரிவதில்லை; தெரிந்தாலும் கேட்கத் துணிவதில்லை.

தரம் என்றதும் பளிங்குத் தரையும் ஏ.சி. அறையும் நினைவுக்கு வருகின்றன. தோல் தொழில் தெரிந்த நமக்கு உண்மை நன்றாகவே தெரியும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் விஷாரத்திலும் முடிந்த தோல் ரகம் பிரிக்கும் மேசைக்கு வருகிறது. அங்கே ஒரு தோல் கழிக்கப்பட்டால், கோளாறு அந்த மேசையில் உண்டானதில்லை. சுண்ணாம்பில் நேரம் தவறியிருக்கும், டிரம்மில் அளவு தவறியிருக்கும், உலர்த்துவதில் அவசரப்பட்டிருப்பார்கள். அதனால்தான் வெளிநாட்டு வாங்குவோர் சரக்கைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ரசாயனம், கழிவுநீர், பதிவேடு, தொழிலாளி பாதுகாப்பு எல்லாவற்றையும் தணிக்கை செய்கிறார்கள். மருத்துவமனையிலும் இதே கணக்குத்தான். ஆனால் கழித்த தோலை விலை குறைத்து விற்றுவிடலாம். நோயாளிக்கு இரண்டாம் ரகம் என்று ஒன்று கிடையாது.

இந்தச் சிந்தனைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவேதிஸ் டொனாபேடியன். 1966ல் அவர் எழுதிய கட்டுரையில் மூன்றைப் பார்க்கச் சொன்னார். முதலாவது, கட்டிடம், கருவி, ஆட்கள் போதுமா? இரண்டாவது, செய்ய வேண்டிய வேலை செய்ய வேண்டிய முறையில் நடக்கிறதா? மூன்றாவது, நோயாளிக்குக் கடைசியில் என்ன பலன்? இன்றும் தரம் படிக்கும் மாணவர் முதலில் கற்பது இந்த மூன்றைத்தான்.

நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரே வார்டில் இரண்டு பாத்திமா பீவி இருக்கிறார்கள். ஆதாரில் ஒரு பெயர், வீட்டில் அழைப்பது ஒரு பெயர். பிறந்த தேதி நினைவில்லாததால் இருவருக்குமே ஜனவரி 1 என்று எழுதியிருக்கிறது. நர்ஸ் வந்து "பாத்திமா பீவியா?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத பாட்டி "ஆமாம்மா" என்பார். ஊசி ஆள் மாறிப் போக இவ்வளவு போதும். உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்பு வழிமுறைகளில் இதற்கு விடை இருக்கிறது: குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண் அதில் சேராது. நம் மக்களைப் பொறுத்தவரை பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண்ணைச் சேர்ப்பதே பாதுகாப்பு. "நீங்கள் பாத்திமா பீவியா?" என்று கேட்காமல் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க ஊழியரைப் பழக்குவதும், மணிக்கட்டில் பட்டை இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும், தவறியவற்றை எண்ணி எழுதுவதும் தர அலுவலரின் வேலை.

எண்ணுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். வியன்னா மருத்துவமனையில் 1847 ஏப்ரலில் ஒரு பிரசவப் பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் ஜன்னி கண்டு இறந்தார்கள். மருத்துவர் செம்மல்வைஸ் இரண்டு பிரசவப் பிரிவுகளின் இறப்புக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தார். பிண அறையில் இருந்து வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். சில மாதங்களில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. அங்கே புது மருந்து எதுவும் வரவில்லை. எழுதி வைத்த கணக்கை ஒருவர் உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இதற்கு இப்போது அமைப்பு இருக்கிறது. இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் 2005ல் ஏற்பட்ட என்.ஏ.பி.எச். வாரியம் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அதன் விதிகள் 10 அத்தியாயங்கள். 5 நோயாளியைச் சார்ந்தவை, 5 நிர்வாகத்தைச் சார்ந்தவை. அரசு மருத்துவமனைகளுக்கென்று 2013ல் தேசியத் தர உறுதித் தரநிலைகள் வந்தன. இப்போது ஆரம்ப சுகாதார நிலையம் வரை அவை பொருந்துகின்றன. சுத்தத்துக்காக 2015ல் காயகல்ப், பிரசவ அறைக்காக 2017ல் லக்‌ஷ்யா திட்டங்கள் வந்தன. இவை அனைத்துக்கும் பதிவேடு வைக்க, தணிக்கை நடத்த, ஊழியருக்குப் பயிற்சி தர ஆட்கள் வேண்டும். வேலைவாய்ப்பு வருவது இந்த வழியில்தான்.

"தர்ம ஆஸ்பத்திரியில் தரத்தை எதிர்பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மதுரையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோர், இலவசமாக வருவோர் இருவருக்கும் அங்கே அதே மருத்துவர்கள் அறுவை செய்கிறார்கள். அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைக் கணக்கெடுத்து மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். தவறு குறைந்தால் மறு அறுவை குறைகிறது, செலவும் குறைகிறது. அந்த மிச்சத்தில் இன்னும் ஓர் ஏழைக்குக் கண் கிடைக்கிறது. இந்த நிர்வாக முறையை மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தர 1992ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையே தொடங்கினார்கள்.

இனி படிப்புக்கு வருவோம். எம்.பி.ஏ. பொதுவாக இரண்டு வருடம். முதல் வருடம் கணக்கியல், மனிதவளம், புள்ளியியல் என்று எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். விருப்பப் பிரிவு பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில் வரும். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஜெய்ப்பூர் ஐ.ஐ.எச்.எம்.ஆர். போன்றவை மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே பேர்பெற்றவை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனை மேலாண்மைப் பிரிவு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பட்டத்துக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா? தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த வருடத்துக்கு அனுமதி உண்டா? தர மேலாண்மை தனிப் பாடமா, அல்லது ஒரு பாடத்தில் ஓர் அலகு மட்டுமா? எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம் நேரடிப் பயிற்சி? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். வார்டை மிதிக்காமல் இந்த வேலையைக் கற்க முடியாது.

யாருக்கு இது பொருந்தும்? இரண்டு மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்த நர்சுக்கு முதலில் பொருந்தும். பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி படித்தவருக்கும் பொருந்தும். பி.காம்., பி.பி.ஏ. படித்தவரும் வரலாம், ஆனால் மருத்துவமனையில் ஒரு வருடமாவது வேலை பார்த்துவிட்டு வரட்டும். சேர்ந்த உடனே தனி அறையும் பெரிய சம்பளமும் கிடைக்காது. தர நிர்வாகி என்ற சிறு பொறுப்பில்தான் தொடங்க வேண்டும். குறையைச் சுட்டிக்காட்டினால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அதைப் பொறுக்கும் மனம் வேண்டும்.

நம் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு கூடுதல் தகுதி இருக்கிறது. இந்தப் பகுதியில் உருது மட்டுமே பேசும் பெரியம்மாக்கள் எத்தனை பேர்! சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே கைரேகை வைக்கிறார்கள். ரமலானில் இன்சுலின் அளவைத் தாமாகவே மாற்றிக்கொள்கிறார்கள், டாக்டரிடம் சொல்வதில்லை. தமிழும் உருதுவும் தெரிந்த ஒரு பெண் அந்தப் பொறுப்பில் இருந்தால் இவை வெளியே வரும். பெண்பிள்ளைக்கு மேற்படிப்பு எதற்கு என்று தயங்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். வளைகுடா செல்ல நினைப்போருக்கும் இது உதவும். சவூதியில் மருத்துவமனைகளுக்கு சிபாஹி என்ற அங்கீகாரம் இருக்கிறது. சி.பி.எச்.க்யூ. என்ற சர்வதேசத் தேர்வைப் பட்டத்தோடு சேர்த்து எழுதினால் மதிப்புக் கூடும்.

இந்தக் கண்காணிப்பு நமக்குப் புதியதும் இல்லை. முந்தைய முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி தராசையும் படிக்கல்லையும் மட்டும் பார்க்கவில்லை; மருந்து விற்பவரையும் வைத்தியரையும் சோதித்தார். 1329ல் மறைந்த இப்னுல் உகுவ்வா தம் மஆலிமுல் குர்பா நூலில் அவர்களைப் பற்றித் தனி அத்தியாயங்கள் எழுதியிருக்கிறார். நோயாளியின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை.

டிரஸ்ட் நிதி மக்கள் தந்த பணம். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் படிப்புக்கு உதவி கேட்போரிடம் மூன்றை எதிர்பார்க்கிறோம்: மருத்துவமனை அனுபவம் வேண்டும், ஆய்வறிக்கை உண்மையான ஒரு வார்டில் ஒரு குறையை அளந்து குறைப்பதாக இருக்க வேண்டும், படித்து முடித்தபின் நாம் நடத்தும் மருத்துவ முகாமில், மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கச் சில நாட்கள் தர வேண்டும். தகுதியுள்ளோர் மதிப்பெண் பட்டியலோடும் பணிச் சான்றோடும் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

தோல் வியாபாரம் செய்த நம் பெரியவர்கள் 1919ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துத் தேவை அது. இந்தக் காலத்துத் தேவைகளில் ஒன்றை இன்று உங்கள் முன் வைத்திருக்கிறோம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியை நோயாளிகளுக்குப் பயன் தருவதாக ஆக்கி அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.