குடிசையில் இருப்பவரைக் கேட்டு முடிவு செய்!

(கூடுவாஞ்சேரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை இந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள் கையில் இருந்தது நிர்வாகம். அந்தக் காலத்திலேயே, 2021-ல், நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சி நகராட்சியாக மாறிற்று. சாக்கடை எங்கே வெட்டுவது, குழாயை எந்தத் தெருவரை கொண்டுபோவது என்பதையெல்லாம் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியமில்லாத கனவான்கள் முடிவு செய்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டோம். கவுன்சிலர்கள் வந்தார்கள். அத்துடன் நம் வேலை தீர்ந்ததா? இதைத்தான் இன்று நாம் பேசவேண்டும்.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு இந்த விஷயத்தில் நெடிய அனுபவம் உண்டு. இங்கே மிராசுதார்கள் ஊர் நிலத்தை மட்டுமா வைத்திருந்தார்கள்? தரிசுக்கும் தங்களுக்கே முதல் பாத்தியதை என்றார்கள். பண்ணையாள் குடிசை போட்டிருந்த மண்ணும் அவர்களுடையது. கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசை போச்சு! அந்நாளில் இங்கே கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891-ல் சேரி ஜனங்களின் நிலைமையைப் பற்றி சர்க்காருக்கு ஒரு நீண்ட அறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டு, 1892-ல், பஞ்சமி நில உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே விற்கவேண்டும் என்று நிபந்தனை கூடப் போட்டிருந்தது. ஆனால் யாருக்காக உத்தரவு போட்டார்களோ, அவர்களில் ஒருவர்கூட கணக்கெழுதும் இடத்தில் இல்லை. பதிவேடு கர்ணம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. நிலம் கை மாறிற்று. நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10-ல், பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட ஜனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் துறந்தார்கள்.

நாற்காலி கிடைத்துவிட்டால் போதுமென்பவர்களுக்கு மதுரை ஜில்லாவைக் காட்டுவோம். மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தலித் தலைவர் உட்கார முடியவில்லை. 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நின்று வேலை செய்ய முடிந்தது. ஒண்டியாக ஒருவரை நாற்காலியில் ஏற்றிவிட்டு ஊரார் வீட்டுக்குப் போய்விட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? தெருவே கூட நிற்கவேண்டும்.

"படிக்காத ஜனங்களுக்குப் பட்ஜெட் என்ன புரியும்?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். ஆலப்புழை நகரத்தைப் பார்க்கட்டும். அங்கே 1990-களின் தொடக்கத்தில் ஏழைக் குடும்பம் எது என்று கண்டுபிடிக்க வருமானக் கணக்கை நம்பவில்லை. கூலிக்காரன் வருமானத்தை எந்தக் காகிதம் சொல்லும்? ஒழுகும் வீடா, கக்கூஸ் உண்டா, நல்ல தண்ணீர் பக்கத்தில் கிடைக்கிறதா, சம்பாதிப்பவர் ஒருவர்தானா, தினம் இரண்டு வேளை சோறு உண்டா என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்பது அடையாளங்களை வைத்தார்கள். அந்தந்தத் தெருப் பெண்களே குழுக்களாகக் கூடி வேலை செய்தார்கள். 1998-ல் பிறந்த குடும்பஸ்ரீக்கு இதுதான் நாற்றங்கால். அடுப்பு எரியாத வீடு எதுவென்று தாசில்தாரைவிடப் பக்கத்து வீட்டம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம், பெரும்பாக்கம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசை ஜனங்களைக் கொண்டுவந்து அங்கே அடுக்குமாடியில் ஏற்றினார்கள். வீடு கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேலை பட்டணத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாளுக்கு எத்தனை மணிக்குப் பஸ் வேண்டும், தள்ளுவண்டிக்காரர் வண்டியை எந்த மாடியில் நிறுத்துவார் என்று முதலிலேயே அவர்களைக் கேட்டிருந்தால் இடத் தேர்வே மாறியிருக்கும். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் குடிவைத்த கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

இப்போது நம் கைக்கு ஒரு கருவி வந்திருக்கிறது. கிராமத்துக்குக் கிராமசபை இருப்பதுபோல நகரத்து வார்டுகளில் பகுதி சபா 2022-ல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ல் முதலமைச்சரே பம்மலில் ஒரு சபாவில் உட்கார்ந்தார். நல்லது. ஆனால் வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தவிர மற்றவர்கள் நியமனத்தில் வருகிறவர்கள். யாரை நியமிப்பது? மளிகை மண்டிக்காரரையும் மனைத் தரகரையுமா? துப்புரவுத் தொழிலாளியை, மறைமலை நகர் ஆலைக்குக் காண்ட்ராக்டில் போகிற வாலிபரை, பட்டா இல்லாத வீட்டு அம்மாளைப் போடு என்று நாம் கேட்கவேண்டும்.

காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? வேலையில்லாதவரும் வேலை வாங்குகிறவரும்தான். ஷிப்டு முடிந்து, நாத்து நட்டுவிட்டு வந்தபிறகு, சாயந்திரம் கூட்டு. மண்டபம் வேண்டாம், எங்கள் தெருவிலேயே கூட்டு. கேண்டீன், பஸ், கூலிப் பாக்கி என்று ஆலை கேட்டில் பேசத் தெரிந்த நமக்கு இதைப் பேசவா தெரியாது?

அடுத்த சபாவுக்கு முன் ஒவ்வொரு தெருக்காரரும் இரண்டு காரியம் செய்யுங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சபாவில் தீர்மானப் புத்தகத்தை நீட்டினால், எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.