பென் டிரைவில் ஒரு மாற்றுச் சாவி

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன தணிக்கைக்கு மூணு நாள் முன்னாடி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் போய் வந்ததுல ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓபன் ஆகல. "ஃபார்மட் பண்ணணும், உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்" என்று ரிப்பேர் கடையில் சொல்லிவிட்டார்கள். 14 குழுக்களின் கடன் கணக்கு அதற்குள்ளே. "சிப்காட்டுல நைட் ஷிப்ட் பாத்து கட்டின தவணை, அதுக்கு இனிமே என்ன சாட்சி?" என்று ஒரு சகோதரி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

கணக்கைக் காப்பாற்றியது பாலிடெக்னிக் படிக்கும் ஒரு உறுப்பினரின் மகள். அவள் கொண்டு வந்தது ஒரு பென் டிரைவ்தான்.

நம்ம குழுப் பெட்டியை நினைச்சுப் பாருங்க. சாவி வச்சிருக்கிற ஊக்குநருக்குக் காய்ச்சல் வந்தா பெட்டியில இருக்கிற பணம் போயிடுமா? போகாது. மாற்றுச் சாவி இருந்தால் திறந்துவிடலாம். கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்தான் பெட்டி, விண்டோஸ்தான் சாவிக்காரர். அன்று படுத்தது விண்டோஸ் மட்டும்தான்.

அந்தப் பென் டிரைவில் இருந்தது 'பாஸ்' லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007ல் வெளியிட்டது. இலவசம், தமிழிலும் வேலை செய்யும். 2011ல் நம்ம மாவட்டத்து காக்களூரில் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்களிலும் இது வந்தது.

செய்முறை இதுதான். பென் டிரைவைச் சொருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்12 அழுத்த வேண்டும். சில கம்பெனி மெஷினில் எஸ்கேப் அல்லது எஃப்9. வரும் பட்டியலில் பென் டிரைவையும், பிறகு 'லைவ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். திரை வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, கணக்கை வேறொரு பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளலாம். 'இன்ஸ்டால்' என்பதை மட்டும் தொடவே கூடாது. தொட்டால் பெட்டியே காலியாகிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. ஹார்ட் டிஸ்க்கே பழுதானாலோ, ரகசியக் குறியீடு போட்டுப் பூட்டியிருந்தாலோ இது உதவாது. லினக்ஸ் ஏற்றும்போது பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும். அதனால 8 ஜி.பி. காலி டிரைவா எடுங்க.

இன்னொன்று. நமக்குத் திறக்கிற இந்தச் சாவி அடுத்தவருக்கும் திறக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டை மட்டும் நம்பி ஆபீஸ் அறையைத் திறந்து போடாதீங்க.

மாதாமாதம் கணக்கைத் தனி டிரைவில் காப்பி எடுத்து, பொருளாளர் வீட்டில் வைப்பது என்று இன்றே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கணக்கு நம்ம உழைப்புக்குச் சாட்சி, அது ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.